பழையபடி ஆக்க முடியுமா? – புல்லட் வண்டி சொல்லும் வியாபாரப் பாடம்



மிளகாய் வற்றல், மல்லி, பருப்பு என்று நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக மூட்டைக் கணக்குப் பார்த்து வருகிறவன் நான். மோட்டார் சைக்கிளைப் பற்றி எழுத இவருக்கு என்ன தகுதி என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எனக்கு வண்டி ஓட்டத் தெரியும், பிரித்துப் பூட்டத் தெரியாது. ஆனால் என் தங்கை மகன் மதுரையில் புல்லட் வண்டிகளை மாற்றியமைத்துக் கொடுக்கும் பட்டறை வைத்திருக்கிறான். 2018இல் அவன் அதைத் தொடங்கியபோது என் கடை முதலிலிருந்து ஒரு பகுதியை எடுத்துக் கொடுத்தேன். தங்கை தன் நகையை அடகு வைத்துக் கொடுத்தாள். அந்த முதல் ஒரு முறை முழுகப் போய் மீண்டது. மீண்ட விதத்தில் நான் கற்றுக்கொண்டதை எழுதினால் மற்றவர்களுக்கும் பயன்படும் என்று தோன்றியது.

இன்று நம் வணிகர் குடும்பங்களில் இந்த வண்டி ஏதாவது ஒரு வழியில் உள்ளே வந்துவிடுகிறது. பையன் புல்லட் வாங்கி, அதைப் பிரித்து வேறு உருவமாக்க வேண்டும் என்று பணம் கேட்கிறான். அல்லது உறவில் ஒரு பிள்ளை அதையே தொழிலாகச் செய்ய முதல் கேட்கிறான். இரண்டுக்கும் முன்னால் பெரியவர்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். அதைத்தான் இக்கட்டுரைக்குத் தலைப்பாக வைத்திருக்கிறேன்.

1. வண்டியின் வரலாறு

சரக்கைப் பற்றிப் பேசுமுன் அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்வது வியாபாரியின் வழக்கம். ராயல் என்ஃபீல்டு நிறுவனம் இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊரைச் சேர்ந்தது. 1901இல் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தது. புல்லட் என்ற பெயர் 1930களில் வந்தது. 1950களின் தொடக்கத்தில் எல்லைக் காவலுக்காக நம் ராணுவம் இந்த வண்டியை வாங்கியது. அதை இங்கே கொண்டுவந்து விற்றது சென்னை நகரின் மெட்ராஸ் மோட்டார்ஸ். 1955இல் அவர்களும் ரெட்டிச் நிறுவனமும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் பாகங்களை வரவழைத்துப் பூட்டினார்கள். பின்னர் எல்லாப் பாகங்களையும் இங்கேயே செய்யத் தொடங்கினார்கள்.

இங்கிலாந்தில் ரெட்டிச் தொழிற்சாலை 1967இல் மூடப்பட்டது. சில ஆண்டுகளில் அங்கே உற்பத்தியே நின்றது. தாய்க்கடை மூடியபின் கிளைக்கடை நிலைத்தது. 1977இல் திருவொற்றியூர் வண்டி இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. நம் ஊர்ப் பண்டத்துக்கு இதைவிடப் பெருமை வேண்டுமா?

1990களில் கம்பெனி எய்ச்சர் குழுமத்தின் கைக்கு வந்தது. 2009இல் கிளாசிக் என்ற வண்டியை விட்டார்கள். அதன் எஞ்சின் புதிய முறையில் செய்யப்பட்டது. தோற்றமோ 1950களின் புல்லட்டைப் போன்றது. துளி வடிவப் பெட்ரோல் டேங்க், சுருள்வில் வைத்த ஒற்றை சீட், விளக்கைச் சுற்றி இரும்புக் குடம். நம் மொழியில் சொன்னால் பழைய சாக்கில் புதுச் சரக்கு. மக்கள் விரும்பினார்கள். ஒரு காலத்தில் காவல்துறை அதிகாரியும் அரிசி ஆலை முதலாளியும் மட்டும் ஓட்டிய வண்டியை இன்று கல்லூரி மாணவன் ஓட்டுகிறான். 2024–25 நிதியாண்டில் அந்த நிறுவனம் விற்ற வண்டிகள் 10 லட்சத்துக்கும் அதிகம்.

2. மாற்றியமைப்பது என்றால் என்ன?

எல்லோரிடமும் ஒரே வண்டி இருக்கும்போது, என் வண்டி மட்டும் தனியாகத் தெரிய வேண்டும் என்ற ஆசை வருவது இயற்கை. அந்த ஆசைதான் இத்தொழிலின் மூலப்பொருள். திருவொற்றியூரில் டேங்கின் மீது தங்க நிறக் கோடுகளைத் தூரிகை பிடித்துக் கையால் இழுத்தார்கள். கையால் இழுக்கும் கோட்டில் ஒன்றுபோல் மற்றொன்று இருக்காது. ஆக, தொழிற்சாலையிலிருந்து வரும்போதே ஒவ்வொரு புல்லட்டும் சிறிது தனி வண்டிதான்.

மாற்றியமைக்கும் பாணிகளுக்குப் பெயர்கள் உண்டு. தெரிந்துவைத்துக்கொண்டால் பிள்ளைகளுடன் பேச உதவும்.

பாபர்: அமெரிக்காவில் தொடங்கியது. மட்கார்டுகளைக் குட்டையாக வெட்டி, பின் சீட்டை எடுத்துவிட்டு, தடித்த டயர் போடுவது. வண்டி தாழ்வாகத் தெரியும்.

கஃபே ரேசர்: 1950, 60களில் லண்டன் இளைஞர்கள் ஒரு தேநீர்க் கடையிலிருந்து அடுத்ததற்குப் பந்தயம் ஓட்டியதால் வந்த பெயர். ஹேண்டில்பாரைத் தாழ்த்தி, கால்மிதியைப் பின்னால் தள்ளி, குனிந்து ஓட்டும்படி அமைப்பது.

ஸ்கிராம்ளர்: கரடுமுரடான பாதைக்கானது. சைலன்சர் மேலே ஏறியிருக்கும். டயரில் கட்டை கட்டையாகப் பல் இருக்கும்.

சாப்பர்: முன்பக்க ஃபோர்க்கை நீட்டிச் சாய்ப்பது. இதற்குச் சேஸிஸின் கழுத்துப் பகுதியையே வெட்ட வேண்டியிருக்கும்.

மீட்டெடுப்பு: இது மாற்றுவதற்கு நேர் எதிரானது. துருப்பிடித்துக் கிடக்கும் பழைய இரும்பு எஞ்சின் புல்லட்டை, அது வந்த நாளில் இருந்தபடியே ஆக்குவது. வலது காலில் கியர், இடது காலில் பிரேக் என்ற பழைய அமைப்பையும் மாற்றாமல் வைப்பார்கள்.

புல்லட்டை இதற்குத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. எஞ்சினில் ஒரே சிலிண்டர். மறைக்கும் பிளாஸ்டிக் மூடிகள் இல்லை. பெரும்பாலான உறுப்புகள் இரும்பு, அவையும் போல்ட் நட்டில் நிற்பவை. ஐம்பது ஆண்டுகள் அமைப்பு பெரிதாக மாறாததால் பாகங்கள் எந்த ஊரிலும் கிடைக்கும். சுவிட்சர்லாந்தின் எக்ளி, புல்லட் எஞ்சினின் கொள்ளளவைப் பெருக்கித் தன் பெயரில் வண்டி செய்தார். நம் நாட்டில் ஜெய்ப்பூரின் ராஜ்புதானா கஸ்டம்ஸ் புல்லட்டை அடிப்படையாக வைத்துச் செய்த வண்டிகளால் பெயர் பெற்றது. ஆகவே இது தெருவோர விளையாட்டு அன்று, கைத்திறன் உள்ள தொழில்தான். ஆனால் கைத்திறன் இருக்கும் இடத்தில் கணக்குத்திறனும் இருந்துவிடும் என்று சொல்ல முடியாது.

3. பட்டறைக் கணக்கு

2022இல் ஒரு விடுதி உரிமையாளரின் மகன் தன் கிளாசிக் 350ஐ பாபராக மாற்றித் தரும்படி என் மருமகனிடம் கொடுத்தார். பேசிய தொகை 1,20,000 ரூபாய். 45 நாளில் தருவதாக ஒப்புக்கொண்டான். அவன் போட்ட கணக்கு இது:

டயர், விளக்கு, ஹேண்டில்பார், மற்ற பாகங்கள் – 42,000 ரூபாய்
லேத், வெல்டிங், டேங்க், சீட் ஆகிய வெளிவேலைகள் – 24,000 ரூபாய்
பெயிண்ட், முலாம் – 14,000 ரூபாய்
பையன்கள் கூலி – 15,000 ரூபாய்
ஆக மொத்தம் – 95,000 ரூபாய்
மிச்சம் – 25,000 ரூபாய்

காகிதத்தில் அழகான கணக்கு. நடந்ததைப் பாருங்கள். கையால் தட்டிச் செய்த டேங்கில் தையல் ஓரம் பெட்ரோல் கசிந்தது. திரும்பப் பற்றவைத்து, திரும்பப் பெயிண்ட் அடிக்க 9,000 ரூபாய். தடித்த டயர் போட்டதும் செயின் ஓரத்தில் உரசியது. சக்கரத்தைச் சிறிது நகர்த்தி, செயின் நேர்க்கோட்டில் ஓட வைக்கும் வரை மூன்று வாரம் கூடுதல். அதற்குப் பையன்கள் கூலி 14,000 ரூபாய். மிச்சம் 2,000 ரூபாய். மூன்று வாரத்துக்கான பட்டறை வாடகையைச் சேர்த்தால் அதுவும் இல்லை.

மிளகாய் வற்றல் வாங்குகிற நாம் என்ன செய்கிறோம்? இன்று வாங்கும் மூட்டை இரண்டு மாதம் கிடங்கில் இருந்தால் காய்ந்து எடை குறையும், சலித்தால் தூசியும் காம்பும் கழியும் என்று தெரிந்து, அதையும் சேர்த்துத்தான் அடக்கவிலை போடுகிறோம். கழிவு போடாமல் விலை சொல்பவன் ஒரு பருவத்துக்கு மேல் கடை நடத்த முடியாது. இத்தொழிலில் கழிவு என்பது திரும்பச் செய்யும் வேலை. ஒரே மாதிரி வண்டியை நூறு முறை செய்பவனுக்குத் திரும்பச் செய்யும் வேலை குறையும். ஒவ்வொரு வண்டியையும் முதல் முறையாகச் செய்பவனுக்கு அது கட்டாயம் வரும். என் மருமகன் அதைக் கணக்கில் எழுதவே இல்லை.

வண்டி வெளியே போன அன்று நானும் போயிருந்தேன். பார்க்க உண்மையிலேயே அழகாக இருந்தது. "மாமா, பாத்தவங்க எல்லாரும் பாராட்டுறாங்க" என்றான். நானும் பாராட்டினேன். பேரேட்டை எடு என்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவன் நான்தான். இளம் வயதில் புல்லட் வாங்க ஆசைப்பட்டு, கடை முதலைத் தொடக்கூடாது என்று அடக்கிக்கொண்டவன் நான். அந்த ஆசை என் கண்ணை மறைத்துவிட்டது.

4. கதை திரும்பிய இடம்

எட்டு மாதம் கழித்து 2023இல், வாகனச் சோதனையில் அந்த வண்டி நிறுத்தப்பட்டது. பின் மட்கார்டு பாதி இல்லை, சைலன்சர் சத்தம் அதிகம், ஆர்.சி. புத்தகத்தில் இரண்டு பேர் உட்காரும் வண்டி, எதிரில் நிற்பது ஒருவர் உட்காரும் வண்டி. அபராதம் போட்டதோடு, பதிவில் உள்ளபடி ஆக்கிக் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள்.

வண்டிக்காரர் பட்டறைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "தம்பி, நான் எதைக் கேட்டாலும் செஞ்சு கொடுத்தீங்க. இது சட்டத்துக்கு ஆகாதுன்னு ஒரு வார்த்தை சொல்லலையே. பழையபடி ஆக்கிக் கொடுத்துடுங்க" என்றார்.

பழையபடி ஆக்கக் கழற்றிய பாகங்கள் வேண்டுமே! மட்கார்டு இரண்டு, சீட், சைலன்சர், ஹேண்டில்பார், கால்மிதி எல்லாவற்றையும் அவன் அப்போதே பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டிருந்தான். கிடைத்தது 600 ரூபாய். அதையே புதிதாக வாங்கிப் பூட்டி, பெயிண்ட் அடித்து முடிக்க 52,000 ரூபாய் ஆனது. அதைவிடப் பெரிய சங்கடம் பின்பக்கச் சட்டம். சீட் தாழ்வாகத் தெரிய வேண்டும் என்று சேஸிஸின் பின் வளைவை வெட்டியிருந்தான். அதைத் திரும்ப ஒட்டவைத்தார்கள். பூட்டி ஓட்டலாம். ஆனால் வெல்டிங் தழும்பு தழும்புதான். நாளை அந்த வண்டியை விற்கப் போனால், வாங்குபவர் முதலில் பார்ப்பது அந்தத் தழும்பைத்தான்.

52,000 ரூபாயையும் பட்டறைதான் ஏற்றது. தங்கையின் நகை வட்டி ஏறிக்கொண்டிருந்தது. அன்று இரவு பேரேட்டை என் முன் வைத்தான். "வேலையெல்லாம் நல்ல பேர்தான் மாமா, ஆனா கையில ஒண்ணுமில்ல" என்றான். "பேரை எந்தப் பக்கம் வரவு வைக்க, மாப்பிள்ளை?" என்று கேட்டேன். கேட்ட பிறகு வருந்தினேன். முதல் கொடுத்தவன் முன்கூட்டியே கேட்க வேண்டியதை, முழுகும்போது கேட்பதில் என்ன பெருமை?

5. சட்டம் சொல்வது

இந்தப் பகுதியைப் பிள்ளைகளிடம் படித்துக் காட்டுங்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாக, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் பொருந்தாமல் போகும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு சட்டத்தில் சேர்ந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியின்றி மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் என்ற சொல்லைக் கவனியுங்கள். சத்தம், புகை விதிகளை மீறினால் 190ஆவது பிரிவு தனி.

பின்னால் ஒருவர் உட்காரும் வண்டியில் கைப்பிடி, கால்மிதி, பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு ஆகியவை வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி சொல்கிறது. சேலை சக்கரத்தில் சிக்காமல் இருக்கத்தான் இந்தத் தடுப்பு. பார்வைக்கு அழகில்லை என்று அதைத்தான் முதலில் கழற்றுகிறார்கள். பின்னால் உட்காரும் தாய்க்கும் மனைவிக்கும் தங்கைக்கும் அது உயிர்க்காப்பு.

நிறம் மாற்றினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விண்ணப்பித்துப் பதிவிலும் மாற்ற வேண்டும். எஞ்சின் மாற்றவும் முன் அனுமதி வேண்டும். மாற்றுத் திறனாளிகள் ஓட்டுவதற்கு ஏற்றபடி அமைக்கச் சட்டமே வழி கொடுக்கிறது. மாற்றங்களைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்காமல் விட்டால், விபத்து நேரும்போது வண்டிச் சேதத்துக்கான தொகை மறுக்கப்படலாம்.

இன்னொன்று. சொந்த வண்டியின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். பிறகு வண்டியை நேரில் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 2009 இறுதியில் வெளிவரத் தொடங்கிய கிளாசிக் வண்டிகள் 2024 முதல் ஒவ்வொன்றாக அந்த வாசலுக்கு வருகின்றன. அன்று சேஸிஸ் வெட்டியவர்களுக்குக் கணக்குத் தீர்க்கும் நாள் அது.

சட்டம் வீணாகத் தடுக்கவில்லை. ஃபோர்க்கை நீட்டினால் முன் சக்கரம் நிற்கும் கோணம் மாறும். மெதுவாகத் திருப்பும்போது வண்டி கை மீறும். 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளில் பூட்டுப்படாத பிரேக், அதாவது ஏ.பி.எஸ்., கட்டாயம். சக்கர அளவை மாற்றினால் அதன் கணக்கு தவறிப்போகும். 2020 முதல் வந்த கிளாசிக் வண்டிகளில் கார்புரேட்டர் இல்லை. பெட்ரோல் அளவைச் சிறு கணினி தீர்மானிக்கிறது. சைலன்சரை மட்டும் மாற்றினேன் என்பார்கள். எஞ்சின் மூச்சுவிடும் அளவே மாறிவிடும்.

6. சிட்டை முறை வந்தது

பட்டறையை மூடிவிடலாமா என்று பேசினோம். அவன் கை வேலை சுத்தமானது. மூட மனமில்லை. ஒரு வாரம் யோசித்து நாங்கள் வைத்துக்கொண்ட முறைகள் இவை.

முதலாவது, எந்த வேலையை எடுக்கும் முன்பும் ஒரே கேள்வி: பழையபடி ஆக்க முடியுமா? ஸ்பேனர் கொண்டு கழற்றி, ஸ்பேனர் கொண்டு மாட்டக்கூடியது என்றால் முடியும். ரம்பம் தொட வேண்டியது என்றால் முடியாது. சேஸிஸைத் தொடுவதில்லை என்று சுவரில் எழுதிப் போட்டுவிட்டான். ஸ்பேனர் வேலை எல்லாம் சட்டத்துக்குச் சரி என்று ஆகிவிடாது. சைலன்சரும் சேலைத் தடுப்பும் ஸ்பேனரில் கழல்பவைதான். ஆகவே சட்டத்தை முதலில் பார்ப்பது, அதன்பின் இந்தக் கேள்வி.

இரண்டாவது, கழற்றிய சாமான் சிட்டை. நாம் சரக்கு இறக்கும்போது எழுதுவதுபோல, கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் இரண்டு படிகளில் எழுதி, வண்டிக்காரரிடம் கையெழுத்து வாங்குகிறான். பாகங்களைத் துடைத்து, எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றி, பெயரெழுதித் திருப்பிக் கொடுக்கிறான். அந்தப் பொருள் அவருடையது. எடைக்குப் போட நமக்கு உரிமையில்லை.

மூன்றாவது, பேசியதெல்லாம் எழுத்தில். என்ன நிறம், எந்த டயர், எத்தனை நாள், எவ்வளவு முன்பணம். இடையில் மனம் மாறினால் அது புதிய சிட்டை, புதிய விலை.

நான்காவது, பாகங்களுக்கான முழுத் தொகையும் முன்பணம். அவருக்காக மட்டும் வரவழைக்கும் பொருளை வேறு யாரும் வாங்க மாட்டார்கள். அதில் நம் முதல் முடங்கக்கூடாது.

ஐந்தாவது, அடக்கத்தின் மீது திரும்பச் செய்யும் வேலைக்காக ஐந்தில் ஒரு பங்கு சேர்ப்பது. கழிவு வராவிட்டால் லாபம், வந்தால் காப்பு.

இந்த முறை வந்தபின் வேலை குறைந்தது. வெட்டிக் கொடு என்று வந்தவர்கள் வேறு இடம் தேடிப் போனார்கள். இரண்டு மாதம் பட்டறையில் ஈ ஓட்டினான். பின்னர் இரண்டு வகை வேலை வரத் தொடங்கியது. ஒன்று, சீட், கண்ணாடி, லெக் கார்டு, பயணப் பெட்டி, பெயிண்ட் என்று சட்டத்துக்கு உட்பட்ட வேலை. மற்றொன்று, பழைய புல்லட்டை மீட்டெடுக்கும் வேலை. அப்பா ஓட்டிய வண்டி, தாத்தா ஓட்டிய வண்டி என்று கொண்டுவருகிறார்கள். அவர்களிடம் விலைப் பேரம் குறைவு, பொறுமை அதிகம். நகை சென்ற ஆண்டு திரும்பியது. என் முதலில் பாதி வந்துவிட்டது. மீதி வரும் என்று நம்புகிறேன். இப்போது மாதம் ஒருமுறை பேரேட்டைப் பார்க்கிறேன்.

கம்பெனியும் இதே பாதையில்தான் வந்திருக்கிறது. வாங்குகிறவர்கள் வண்டியை மாற்றிக்கொள்கிறார்கள் என்று கண்டு, 2020 முதல் பதிவு செய்யும்போதே நிறம், சீட், கண்ணாடி முதலியவற்றைத் தேர்ந்தெடுக்கும் வசதியைக் கொடுத்தது. வாடிக்கையாளர் வெளியே போய்த் தேடுவது என்ன என்று பார்த்து, அதை நம் கடையிலேயே வைப்பதுதான் வியாபாரம்.

பணம் கேட்கும் பிள்ளைக்கு இன்னொரு கணக்கும் சொல்லலாம். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையுள்ள வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 ஆனது. இப்போதைய கிளாசிக் 349 சி.சி. என்பதால் குறைந்த வரியில் வருகிறது. பழைய வண்டியை வெட்ட ஒரு லட்சத்துக்கு மேல் செலவு செய்யுமுன், புது வண்டியின் விலையையும் அருகில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள்.

7. மளிகைக் கடைக்கு இதில் என்ன?

நாமும் வாடிக்கையாளர் விருப்பத்துக்கு ஏற்பச் செய்துதருபவர்கள்தாம். கல்யாண வீட்டுக்குச் சாமான் பட்டியல் போடுகிறோம். ஒரு வீட்டுக்காக மட்டும் சாம்பார்ப் பொடி, மசால் பொடி அரைத்துக் கொடுக்கிறோம். தீபாவளிக்குக் கம்பெனிகளின் பெயர் அச்சிட்ட பைகளில் பொருள் கட்டிக் கொடுக்கிறோம்.

இவற்றிலும் அதே கேள்வியைக் கேளுங்கள். கல்யாண வீட்டில் மிஞ்சிய மூட்டை திரும்பி வந்தால் விற்கலாம், பிரித்த பொட்டலத்தை விற்க முடியாது. முழு மிளகாயைத் திருப்பி வாங்கலாம், அரைத்த பொடியை வாங்க முடியாது. பெயர் அச்சிட்ட பையை வேறு யாருக்கும் கொடுக்க முடியாது. திரும்ப முடியாத சரக்குக்கு முன்பணமும் எழுத்தும் வேண்டும். திரும்பக்கூடிய சரக்குக்கு நம்பிக்கை போதும்.

மனதில் வைக்க:

• மகன் வண்டியை மாற்றக் கேட்டால், ஆர்.சி. புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு பேசுங்கள்.
• கழற்றிய பாகங்களை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.
• சேஸிஸ், பிரேக், சேலைத் தடுப்பு மூன்றிலும் கை வைக்க வேண்டாம்.
• உறவுக்கு முதல் கொடுத்தால், மாதம் ஒருமுறை பேரேட்டைக் கேளுங்கள். கேட்பது சந்தேகம் அல்ல, அக்கறை.
• வாடிக்கையாளர் கேட்பதெல்லாம் செய்துகொடுப்பது சேவை அன்று. ஆகாததை ஆகாது என்று முன்பே சொல்வதும் சேவைதான்.

அந்த விடுதி உரிமையாளரின் மகன் இப்போதும் அதே வண்டியில்தான் வருகிறார். சென்ற பொங்கலுக்கு முன் தன் தாத்தாவின் பழைய புல்லட்டை மீட்டெடுக்கச் சொல்லிப் பட்டறையில் விட்டுப் போயிருக்கிறார். கழற்றிய சாமான் சிட்டையில் அவருடைய கையெழுத்தை நானே பார்த்தேன்.

வாழ்க வணிகர் ஒற்றுமை!